ஏழாவது கேள்வியை ஏன் எழுதினேன்

போன வாரம் தேவி ஃபோன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இப்போது அவள்தான் மூத்த டெக்னீஷியன்.

“அக்கா, லேப்புக்குப் புது சாஃப்ட்வேர் போடறாங்க. ரத்தம் குடுக்க வர்றவங்க ஒரு படிவம் நிரப்பறாங்களே, அதுல ஏழாவது கேள்வி ரொம்ப நீளம், ஸ்க்ரீன்ல அடங்கலனு சொல்றாங்க. எடுத்துடலாமானு கேக்கறாங்க. அத எழுதனது நீங்கதானாமே?”

“நான்தான்.”

“எதுக்குக்கா எழுதனீங்க? படிக்கறவங்க எல்லாம் சிரிக்கறாங்க.”

சிரிக்கத்தான் செய்வார்கள். அந்தக் கேள்வி இதுதான்: ‘முடி வளர, தோல் மினுங்க, நகம் உறுதியாக, உடம்பு இளைக்க என்று மாத்திரை, பொடி, மிட்டாய் எதையாவது வாயில் போடுகிறீர்களா? கடையில் வாங்கியது, ஆன்லைனில் வந்தது, தோழி கொடுத்தது எல்லாம் இதில் சேரும்.’ ரத்தம் கொடுக்க வந்த இடத்தில் மிட்டாயைப் பற்றி விசாரித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வாத்தியார் ஒருவர் ‘கடலை மிட்டாய், தினமும் இரண்டு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தேவிக்குக் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுக்கு ஆள் வந்துவிட்டது. “அப்புறம் பேசறேன்க்கா” என்று வைத்துவிட்டாள். அப்புறம் என்பது லேப்பில் எப்போதும் வராது, எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் சுலோச்சனா. பிறந்தது கீழ்பென்னாத்தூர். லேப் டெக்னீஷியன் படிப்பு வேலூரில் இரண்டு வருடம். ஹாஸ்டலில் சாம்பார் தண்ணீராக இருந்தது, மைக்ராஸ்கோப் நான்கு பேருக்கு ஒன்று இருந்தது, நான் பாஸ் செய்தேன். அதைப் பற்றி அவ்வளவுதான் சொல்வதற்கு இருக்கிறது. வேலையை உண்மையில் கற்றுக்கொண்டது திருவண்ணாமலை வந்து, ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்த பிறகுதான்.

கையைப் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. நரம்பைக் கண்ணால் தேடுகிறவள் இரண்டு முறை குத்துவாள், விரலால் தேடுகிறவள் ஒரு முறை குத்துவாள். நான் ஒரு முறை குத்துகிறவள். வேறு லேப்பில் நான்கு இடத்தில் குத்து வாங்கி, கை நீலம் பாரித்து வந்தவர்கள்கூட என்னிடம், “முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டிருக்கிறார்கள். ரப்பர் பட்டையை அவிழ்த்துவிட்டு, “இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, போய் காப்பி குடிங்க” என்பேன்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் லேப்பில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு பார்ப்போம். தைராய்டு போன்ற ஹார்மோன் சங்கதிகளுக்கு இங்கே வசதி கிடையாது. ரத்தத்தைச் சுற்றவிட்டு, மேலே தெளியும் சீரத்தைச் சின்னக் குப்பியில் எடுத்து, ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு, வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவோம். அங்கே லேப் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். ஒருமுறை அந்த ஆள் வரவில்லை. கண்டக்டரும் டூட்டி மாறிப் போய்விட்டார். எங்கள் ஃபிளாஸ்க் இரண்டு நாள் வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் போய்ப் போய் வந்து, ஐஸ் வெந்நீராகி, ஒரு பாட்டிலும் உடையாமல் எங்களிடமே திரும்பியது. பத்துப் பேரைத் திரும்ப வரச் சொல்லி, பத்துப் பேரிடமும் திட்டு வாங்கி, மறுபடி ரத்தம் எடுத்தேன்.

பிறகு எங்களுக்கும் ஹார்மோன் மெஷின் வந்தது. அதோடு டாக்டர் அன்வரும் வந்தார். அவர் ரத்த வேதியியல் படித்தவர், ஆற்காட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். லேப்புக்கு அவர்தான் பொறுப்பு. ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்து விழாமல் ஒரு காகிதமும் வெளியே போகாது.

அவரிடம் ஒரு பழக்கம். யாரையும் சத்தம் போட மாட்டார். தப்பு என்ற வார்த்தையை எங்களிடம் சொல்லவே மாட்டார். சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்த அந்தச் சின்னக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நம் மேஜை மேல் நிறுத்திவைப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சட்டையில் துடைப்பார். “இதுக்குக் கதை சொல்லுங்கம்மா” என்பார்.

கதை என்றால், அந்த ரத்தம் கையை விட்டு வெளியே வந்ததிலிருந்து காகிதத்தில் எண்ணாக மாறும் வரை என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், எந்தக் கை, குழாயில் பெயரை முன்னால் எழுதினாயா பின்னால் எழுதினாயா, எத்தனை நிமிடம் நிற்கவிட்டாய், யார் எடுத்துப் போனார்கள். நடுவில் எங்கேயாவது, “எப்பவும் போலத்தான் சார்” என்றால், “எப்பவும் வேணாம். இத சொல்லுங்க” என்பார். எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வரும். நேற்று வந்த மனிதர், நான் பல வருடமாய்ச் செய்கிற வேலைக்கு என்னையே கதை சொல்லச் சொல்கிறார்!

அவர் வந்த முதல் மாதமே எனக்கு ஒரு அடி விழுந்தது. ஒரே காலையில் இரண்டு லட்சுமி வந்தார்கள். ஒருவர் கீழ்பென்னாத்தூர், இன்னொருவர் அடி அண்ணாமலை. இருவருக்கும் சர்க்கரை. ஒருவர் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போய்விட்டது. அன்று மதியமே கண்டுபிடித்துவிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் அன்வர் இரண்டு குழாயையும் என் மேஜையில் நிறுத்தினார். கதை சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கே தெரிந்தது, ரத்தம் எடுத்த பிறகுதான் பெயர் எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து குழாயில் பெயரும் ஊரும் எழுதி, வந்தவரையே சத்தமாகப் படிக்கச் சொன்ன பிறகுதான் ஊசியைத் தொடுவேன். படிக்கத் தெரியாதவருக்கு நான் படித்துக் காட்டித் தலையாட்டச் சொல்வேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒரு குழாயும் மாறவில்லை. இதை நான் கோயில் வாசலில் நின்றும் சொல்வேன்.

இதைச் சொல்லக் காரணம், சங்கீதா விஷயத்தில் எல்லோரும் முதலில் சொன்னது, “சுலோச்சனா குழாயை மாத்திட்டாங்க” என்பதுதான்.

சங்கீதா அடி அண்ணாமலைப் பெண். ரமணாசிரமம் பகுதியில் செங்கம் ரோட்டை ஒட்டி ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்யாணமாகி நான்கு வருடம். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும், இஷ்டம் போல. எடை ஏறிக்கொண்டே போனது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டிகள். ரத்தத்தில் ஆண் ஹார்மோனும் கொஞ்சம் ஜாஸ்தி. பி.சி.ஓ.எஸ். என்று எல்லோரும் சொல்கிற அந்த நீர்க்கட்டி நோய்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தைராய்டு சோம்பிவிட்டாலும் இதே கூத்துதான். மாதவிடாய் தள்ளிப்போகும், எடை ஏறும், முடி கொட்டும், சினைப்பை வீங்கி அங்கேயும் கட்டி கட்டியாகத் தெரியும். இரண்டு நோயும் ஒரே உடம்பில் சேர்ந்தும் இருக்கும், நிறையப் பேருக்கு இருக்கிறது. அதனால் தைராய்டைப் பார்க்காமல் எந்த நல்ல டாக்டரும் நீர்க்கட்டி நோய் என்று முடிவு கட்ட மாட்டார். சங்கீதாவைப் பார்த்த டாக்டரம்மாவும் நல்ல டாக்டர்தான். இரண்டு வருடத்தில் ஐந்து முறை தைராய்டு எழுதி அனுப்பினார். ஐந்து முறையும் நான்தான் ரத்தம் எடுத்தேன். ஐந்து முறையும் ரிப்போர்ட் நார்மல்.

ஆனால் எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ உறுத்தும். முகம் காலையிலேயே உப்பியிருக்கும். ஊரையே அழகாக்குகிற பெண்ணுக்குக் கைத்தோல் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுப்பாள். குரல் கரகரக்கும். “ஃபோன்ல என்ன சார்னு கூப்பிடறாங்கக்கா” என்று சிரிப்பாள். ஆண் ஹார்மோன் ஜாஸ்தி என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதே, அதனால் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருடம் சித்திரையில் அவளுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இரண்டு வருட மாத்திரையில் ஒன்றும் நடக்கவில்லை, வயிற்றில் சின்ன ஓட்டை போட்டு, சினைப்பைகளில் சூடு வைத்துத் துளை போடலாம், சிலருக்கு அதற்குப் பிறகு முட்டை வெடித்துக் கரு தங்கும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் எல்லா ரத்தப் பரிசோதனையும் அவசரமாக வேண்டும். அதனால் சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை வந்தாள். சாதாரணமாகப் பௌர்ணமியை ஒட்டி எங்கள் ஊரில் யாரும் இப்படிப்பட்ட வேலைக்கு வர மாட்டார்கள். ரோட்டையெல்லாம் அடைத்து, பஸ்ஸை எங்கெங்கோ நிறுத்திவிடுவார்கள். அவளும் முதல்நாள் மலையைச் சுற்றி நடந்துவிட்டு, காலை நொண்டிக்கொண்டு வந்தாள்.

சித்திரை வெயில். ரத்தம் எடுக்கிற அறையில் காலை எட்டு மணிக்கே எனக்கு முதுகு நனைந்துவிட்டது. அவள் உட்கார்ந்ததும் கேட்டாள்: “அக்கா, ஃபேன நிறுத்தறீங்களா? குளிருது.”

“இன்னாம்மா, சித்திரையில குளிருதா?”

“எனக்கு எப்பவும் குளிரும்க்கா. வீட்ல இதுக்கே சண்ட.”

நிறுத்தினேன். குழாயில் பெயரும் ஊரும் எழுதினேன். சத்தமாகப் படித்தாள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: “மாத்திர எதாவது சாப்பிடறியா?”

“டாக்டர் குடுத்தத ஆபரேசன்னு நிறுத்தச் சொல்லிட்டாங்க. வேற ஒண்ணும் இல்லக்கா.”

இல்லை என்று எழுதிக்கொண்டேன். ரப்பர் பட்டையைக் கட்டும்போது சொன்னாள்: “ரெண்டு பக்கமும் ஓட்ட போடப் போறாங்களாம். அதுக்கப்புறமும் நடக்குமானு தெரியாதுனு சொல்றாங்க. எனக்கு இது வேணுமாக்கா?” ரத்தம் எடுக்கிறவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதிகாரம் இல்லை. “நல்லபடியா நடக்கும், கைய மடக்கி வெச்சுக்கோ” என்றேன்.

மதியம் டி.எஸ்.எச். வந்தது. தைராய்டு சோம்பினால், அதை விரட்டி வேலை வாங்க மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி அனுப்புகிற ஹார்மோன் அது. தைராய்டு எவ்வளவு சோம்பலோ அவ்வளவு ஏறும். சங்கீதாவுக்கு ஏறியிருந்த ஏற்றத்தைப் பார்த்து டாக்டர் அன்வர் மெஷினை மறுபடி ஓட்டினார். அதே எண். குழாயை எடுத்து வந்து என் மேஜையில் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார்.

“கதை சொல்லுங்கம்மா.”

சொன்னேன். ஃபேனை நிறுத்தியது வரை சொன்னேன். இரண்டாம் முறை கேட்டார். சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது, “சார், இது அந்தப் பொண்ணு ரத்தம்தான். என் மேல ஆணையா” என்றேன். ரத்த குரூப்பையும் பார்த்தார். ஒத்துப்போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. ஐந்து முறை நார்மல், ஆறாவது முறை இப்படியா, மறுபடி எடுங்கள் என்றார்கள். ஐந்து நாள் கழித்து சங்கீதா வந்தாள், நானே எடுத்தேன். ரிப்போர்ட் நார்மல்!

லேப் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “வயசாகுதும்மா, கொஞ்சம் பாத்து” என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் வாழ்க்கையில் அதைவிட மோசமாக யாரும் என்னைத் திட்டியது கிடையாது. ஆஸ்பத்திரியில் பௌர்ணமி ரிப்போர்ட்டைத் தள்ளிவிட்டு, ஆபரேஷனை அடுத்த வியாழக்கிழமை வைத்தார்கள். அதற்கு ஏழு நாள் இருந்தது.

டாக்டர் அன்வர் மட்டும் இரண்டு குழாயையும் தூக்கிப் போடவில்லை. ஃப்ரிட்ஜில் தனியாக வைத்தார். “ரெண்டுமே உங்க கை. ரெண்டுமே இந்த மெஷின். ரெண்டும் சரின்னா, நடுவுல என்னமோ மாறியிருக்குதும்மா. நம்மகிட்ட மாறல. அந்தப் பொண்ணுகிட்ட மாறியிருக்குது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. நான் சங்கீதாவின் பார்லருக்குப் போனேன். சும்மா போய் நின்று கேள்வி கேட்டால் பயந்துவிடுவாள். அதனால் புருவம் திருத்த வந்திருக்கிறேன் என்றேன். ஐம்பத்தாறு வயதில், முதல்முறையாக.

“அக்கா, நீங்களா?” என்று அவள் வாயைப் பிளந்தாள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி முகத்தில் எதையோ அப்பிக்கொண்டு அடுத்த நாற்காலியில் படுத்திருந்தாள். என்னைச் சாய்த்து உட்காரவைத்து, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு சங்கீதா ஆரம்பித்தாள். சாமி! ஊரில் எல்லோருக்கும் நான் ஒரே குத்தில் முடிப்பேன். அவள் என்னைப் பதினைந்து நிமிடம் குத்தினாள். கண்ணில் தாரையாகத் தண்ணீர். “அசையாதீங்கக்கா, முடிஞ்சிடுச்சு” என்று நான் சொல்கிற அதே பொய்யை என்னிடமே சொன்னாள்.

ஒரு புருவம் முடிந்ததும், “ஒரு நிமிசம்க்கா” என்று கண்ணாடிக்குப் பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்தாள். பெரிய மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“இன்னாம்மா அது?”

“இதா? முடிக்குக்கா.”

“மாத்திர எதுவும் சாப்பிடறதில்லனு சொன்னியே?”

“இது மாத்திர இல்லக்கா, முடிக்கு!” என்றாள் மறுபடியும். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஷாம்பு, கிரீம், சீயக்காய், இது. எல்லாம் ஒரே தட்டில்தான் இருந்தது. “எனக்கே முடி இல்லன்னா என் கடைக்கு எவ வருவா? ரெண்டு வருசமா போட்டுக்கினு இருக்கறேன். காலையில எழுந்ததும் ஒண்ணு, மதியம் ஒண்ணு.”

“ரத்தம் குடுக்க வர்ற அன்னிக்கும்?”

“வெறும் வயித்துல வாங்க, தண்ணி மட்டும் குடிக்கலாம்னு நீங்கதானக்கா சொன்னீங்க. தண்ணியோட போட்டுக்கினு வந்துடுவேன்.”

ஒரு புருவம் திருத்தியும் ஒரு புருவம் காடாகவும் நான் எழுந்து உட்கார்ந்தேன். “பௌர்ணமிக்கு மறுநாள் வந்தியே, அன்னிக்குமா போட்ட?”

“ஐயோ, அன்னிக்கு இல்ல. இதுல மீன் சத்து கலந்திருக்குதுக்கா, கவுச்சி. மலை சுத்தறதுக்கு மூணு நாள் முன்னாடியே தொட மாட்டேன். மறுநாள் ரத்தம் குடுத்துட்டு, வீட்டுக்குப் போய் சாம்பார் சோறு சாப்பிட்டு, அதுக்கப்புறம்தான் போட்டேன்.”

டப்பாவை வாங்கிப் பார்த்தேன். பயோட்டின் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது ஒரு வைட்டமின் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் விரதத்தில் நிறுத்தினால் ஒரு எண், சாப்பிட்டால் இன்னொரு எண். அதற்கு மேல் எனக்கு வேதியியல் தேவைப்படவில்லை. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, “இத நான் எடுத்துக்கினு போறேன், நீ வேற வாங்காத” என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன். பின்னால் அவள், “அக்கா, இன்னொரு புருவம்!” என்று கத்தினாள்.

டாக்டர் அன்வர் வீட்டில் கறி வெட்டிக்கொண்டிருந்தார். டப்பாவைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு என்னோடு லேப்புக்கே வந்துவிட்டார். மெஷினுக்கு மருந்து வருகிற பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், எறும்பு எழுத்தில். எல்லோரும் குப்பையில் போடுவோம், அவர் ஒன்று விடாமல் அடுக்கிவைத்திருப்பார். அதில் ஒன்றைத் தேடி எடுத்து ஒரு வரியைக் காட்டினார்.

எங்கள் மெஷின் அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்க பயோட்டினையேதான் கொக்கியாக வைத்திருக்கிறதாம். ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் ஏராளமாக மிதந்தால், கொக்கி மாட்ட வேண்டிய இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. டிக்கெட் எடுத்த ஹார்மோனுக்கு உட்கார இடம் இல்லை. மெஷின் தலையை எண்ணிவிட்டு, கம்மி என்கிறது. மலைபோல ஏறிய டி.எஸ்.எச். எங்கள் காகிதத்தில் நார்மலாக இறங்கியது அப்படித்தான். வேறு சில ஹார்மோனுக்கு எண்ணுகிற விதமே வேறு. அதில் இதே மாத்திரை ஜாஸ்தி என்று காட்டும். சங்கீதாவின் ஆண் ஹார்மோன் அந்த வகை.

“இந்தச் சீட்ட நான் படிச்சிருக்கேன்மா” என்றார் டாக்டர் அன்வர். “நம்ம ஊர்ல யாரு இதையெல்லாம் இவ்ளோ ஜாஸ்தியா சாப்பிடப் போறாங்கனு தாண்டிப் போயிட்டேன்.” கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஐந்து முறை அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன். ஐந்து முறை கேட்டு, ஐந்து முறை இல்லை என்று எழுதியிருக்கிறேன். குழாய் மாறாமல் பார்த்துக்கொண்ட கெட்டிக்காரி, கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உப்பிய முகமும் கரகரத்த குரலும் சித்திரையில் குளிரும் சோம்பிய தைராய்டின் வேலை என்று எனக்குத் தெரியாததா? வெயிலில் ஃபேன் வேண்டாம் என்றவள் முகத்தை நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

வேலூரில் ஒரு லேப்பில் வேறு வகை மெஷின் இருந்தது, அதில் அந்தக் கொக்கி கிடையாது. திங்கட்கிழமை காலை, நார்மல் என்று வந்த குழாயில் மிச்சமிருந்த சீரத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். பழைய ஃபிளாஸ்கைப் பரணிலிருந்து இறக்கி ஐஸ் போட்டேன். இந்தத் தடவை கண்டக்டரிடம் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டேன். சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் மெஷின் நார்மல் என்ற அதே ரத்தம், அங்கே மலை உயரம். புதன்கிழமை, மாத்திரையை விட்டு மூன்று நாளான சங்கீதாவிடம் மறுபடி எடுத்தேன். எங்கள் மெஷினிலும் இப்போது ஏறியது. ஆண் ஹார்மோன் இறங்கி ஒழுங்காக வந்தது.

ஆபரேஷன் மறுநாள் காலை. டாக்டர் அன்வர் ஒரு கடிதம் எழுதினார். ‘இந்த நோயாளிக்கு நாங்கள் முன்பு கொடுத்த ஐந்து அறிக்கைகளும், சென்ற வாரம் கொடுத்த ஒன்றும் நம்பத்தக்கவை அல்ல’ என்று முதல் வரியே ஆரம்பித்தது. முதலாளி படித்துவிட்டு வியர்த்துப்போனார்.

“டாக்டர், மாத்திரையால கொஞ்சம் வித்தியாசம் வந்திருக்கலாம்னு எழுதலாமே. ஆறு ரிப்போர்ட்டும் தப்புன்னு நாமே எழுதிக் குடுத்தா நாளைக்கு யாரு வருவாங்க?”

“எழுதலன்னா நாளைக்கு நான் வரமாட்டேன்” என்றார் டாக்டர் அன்வர், சாதாரணமாக, மணி என்ன என்று சொல்வது போல.

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சங்கீதாவின் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டாகப் புரட்டினார். “நானும் கேட்டேனே, வேற மாத்திரை எதுவும் இல்லைனுதானே சொன்னா?” என்றார்.

“அவ பொய் சொல்லல மேடம்” என்றேன். “நாமதான் மாத்திரையானு கேட்டோம்.”

அவர் பேனாவை எடுத்து, மறுநாள் ஆபரேஷன் பட்டியலில் சங்கீதா என்ற பெயரை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று என்று தைராய்டு மாத்திரை எழுதினார். “நீர்க்கட்டி நோயே இல்லைனு இப்ப சொல்ல மாட்டேன். ரெண்டும் இருக்கலாம். முதல்ல இத சரி பண்ணிட்டு, ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் பண்ணுவோம். அப்ப கட்டி இருந்தா அப்ப பாத்துக்கலாம்” என்றார்.

அந்த வாரமே நான் ஏழாவது கேள்வியை எழுதினேன். டாக்டர் அன்வர் படித்துவிட்டு, “மிட்டாய் எதுக்கும்மா?” என்று சிரித்தார். நான் கடைவீதியில் போய் விசாரித்துவிட்டுத்தான் எழுதியிருந்தேன். முடி வளர்க்கிற மிட்டாய் கரடி பொம்மை வடிவத்தில் விற்கிறது, புட்டியோடு கொண்டு போய் அவர் மேஜையில் நிறுத்தினேன். அந்தக் கேள்விக்குப் பிறகு எத்தனை பேர், “அட, இதையும் சொல்லணுமா?” என்று பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினார்கள் என்பது தேவிக்கே தெரியும். அவளே எத்தனை பேரை, “மூணு நாள் நிறுத்திட்டு வாங்க” என்று காரணம் தெரியாமலே திருப்பி அனுப்பியிருக்கிறாள்! சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தேவி, ஸ்க்ரீனில் இடம் இல்லையென்றால் லேப் பெயரைச் சின்னதாக்கச் சொல். ஏழாவதில் கை வைக்காதே.

சங்கீதாவுக்குக் குழந்தை பிறந்ததா என்று இந்தக் கதையைக் கேட்கிற எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். அது அவள் வீட்டு விஷயம், நான் சொல்லப் போவதில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சினைப்பைகள் சுருங்கி வந்தன, மாதவிடாய் நாள் தவறாமல் வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னொரு புருவத்தை மட்டும் அந்தப் புதன்கிழமை அவள் ரத்தம் கொடுக்க வந்தபோதே லேப்பில் முடித்துக்கொண்டேன்.

அடுத்த சித்திரையில் ஒருநாள், வழக்கமான பரிசோதனைக்கு அவள் வந்தாள். முகத்தில் உப்பல் வடிந்து எலும்பு தெரிந்தது. உட்கார்ந்து கையை நீட்டினாள். குழாயில் எழுதியதைப் படித்தாள், கரகரப்பில்லாமல். நான் பழைய ஞாபகத்தில், அவள் வருவது தெரிந்ததுமே ஃபேனை நிறுத்தி வைத்திருந்தேன்.

ரப்பர் பட்டையைக் கட்டப் போனேன். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாக்கா, இந்த வெயில்ல ஃபேன நிறுத்தி வெச்சிருக்கறீங்க? வேர்த்து ஊத்துது, போடுங்க.”